குளத்து மட்டத்தை எதில் எழுதி வைப்பது? உணரி அளவீடுகளுக்கான தரவுத்தளங்கள்: ஓர் ஒப்பீடு

உணரிகளைப் பொருத்தி முடித்தவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் வந்து தடுமாறுகிறார்கள். உன்னிச்சைப் பக்கம் கமக்காரர் அமைப்பொன்றுக்காக நீர்மட்டம் அளக்கத் தொடங்கிய இளைஞர், மட்டக்களப்பு வாவியின் உவர்த்தன்மையை ஓராண்டுக்குத் தொடர்ந்து பதிய விரும்பும் மாணவி, அக்கரைப்பற்றில் கோழிக் கூடுகளின் வெப்பநிலையைக் கைத்தொலைபேசியில் பார்க்க நினைக்கும் பண்ணை உரிமையாளர் என்று மூவர் அண்மையில் என்னிடம் கேட்டது ஒரே கேள்வியைத்தான்: நிமிடக் கணக்கில் வந்து குவியும் இந்த எண்களை எந்தத் தரவுத்தளத்தில் சேமிப்பது? மூவரும் இணையத்தில் வேக ஒப்பீடுகளைப் படித்துவிட்டே வந்திருந்தார்கள். ஒரு செக்கனுக்குப் பத்து இலட்சம் அளவீடுகளை எது எழுதுகிறது என்பதில் அவர்களுக்கு ஐயம் இருக்கவில்லை. தங்களிடம் ஒரு நாளைக்கு எத்தனை அளவீடுகள் வரும் என்பதை மட்டும் எவரும் கணக்கிட்டிருக்கவில்லை.

## முதலில் கணக்கு

சற்றுப் பெரிய அமைப்பையே எடுத்துக்கொள்வோம். குளங்கள், வாய்க்கால்கள், வாவிக்கரை என்று 12 இடங்கள். ஒவ்வோர் இடத்திலும் நீர்மட்டம், மழை, நீரின் வெப்பநிலை, மின்கடத்துதிறன், பற்றரி மின்னழுத்தம் என்று 5 அளவீடுகள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பதிவு. நாளொன்றுக்கு 60 × 144, அதாவது 8,640 அளவீடுகள் வரும். ஒரு நாளில் 86,400 செக்கன்கள் இருப்பதால், சராசரியாகப் பத்துச் செக்கனுக்கு ஓர் அளவீடுதான். அளவீடு ஒவ்வொன்றும் அட்டவணையில் ஒரு நிரை என்பதால், ஆண்டுக்கு 31,53,600 நிரைகள். தரவை அட்டவணைகளாக வைக்கும் சாதாரணமான தொடர்புசார் தரவுத்தளமொன்றில், விரைவாகத் தேடுவதற்கான சுட்டியையும் சேர்த்து, நிரைக்கு ஏறத்தாழ 75 பைட் என்று கொண்டால் ஆண்டுக்கு 240 மெகாபைட் அளவில் வரும். பத்தாண்டுத் தரவு ஒரு சிறிய பென் டிரைவில் அடங்கிவிடும்.

எனவே வேகத்தையும் சுருக்கத் திறனையும் முதல் அளவுகோலாக வைப்பது, கைவாய்க்காலுக்கு, குளத்தின் மிகைநீரைத் திறந்துவிடும் வான்கதவு கேட்பது போன்றது. தொழிற்சாலை இயந்திரமொன்றின் அதிர்வைச் செக்கனுக்கு ஆயிரம் தடவை அளப்பவருக்கு இந்தக் கட்டுரை பொருந்தாது. நம் பகுதியிலிருந்து எனக்கு வரும் தேவைகளுள் அப்படியான ஒன்று இதுவரை இருந்ததில்லை.

## எதை வைத்துத் தீர்மானிப்பது

வேகத்தை ஒதுக்கிவிட்டால் எஞ்சுபவற்றுள் எனக்கு முதன்மையாகப் படுவது, பிந்தி வரும் அளவீட்டை ஏற்கும் தன்மையாகும். வடகீழ்ப் பருவமழைக் காலத்தில், வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையின் உட்பகுதிகளில் மின்சாரமும் தொலைபேசி அலையும் சேர்ந்தே போகும். ஒழுங்காகச் செய்யப்பட்ட கருவி அந்த நாட்களின் அளவீடுகளைத் தன்னுள் சேர்த்து வைத்திருந்து, இணைப்பு மீண்டதும் மொத்தமாக அனுப்பும். பதில் கிடைக்காவிட்டால் அதே தொகுதியை இரண்டாம் முறையும் அனுப்பும். வெள்ளம் வந்த அந்த மூன்று நாட்களின் தரவுதான் ஆண்டு முழுவதிலும் பெறுமதியானது என்பதால், அதை மறுக்கும் அல்லது இரட்டிப்பாக்கும் தரவுத்தளம் நமக்கு உதவாது.

அடுத்தது திருத்தம். இதைப் பட்டுத்தான் கற்றேன். ஓர் ஆவணி மாதத்தில், நான் பொறுப்பாக இருந்த உணரியொன்று குளம் நிரம்பி நிற்பதாக ஒரு வாரம் காட்டிக்கொண்டிருந்தது. அந்த வட்டைக்கு, அதாவது வயல்வெளிக்கு, பொறுப்பான வட்டவிதானை ஐயா தொலைபேசியில் அழைத்து, “தம்பி, குளத்துக்குள்ள மாடு நிண்டு மேயுது, உங்கட ஃபோன் வான் பாயுதெண்டு காட்டுது” என்றார். போய்ப் பார்த்தபோது, மீயொலி உணரியின் வாய்க்கு நேர் கீழே குளவி மண்கூடு கட்டியிருந்தது. உணரி தண்ணீருக்குள்ள தூரத்தை அளக்காமல் கூட்டுக்குள்ள தூரத்தை அளந்து, தூரம் குறைவு என்பதால் மட்டம் உயர்ந்திருப்பதாகக் கணக்கிட்டிருந்தது. அந்த ஒரு வாரத்து 1,008 அளவீடுகளையும் ‘நம்பத்தகாதவை’ என்று குறித்து வைக்க வேண்டியிருந்தது. அவற்றை அழித்துவிடுவதும் முறையன்று. உணரி எப்போது, எப்படிப் பிழைத்தது என்பதும் ஒரு பதிவே. ஆகவே, கடந்த கால அளவீடொன்றின் பக்கத்தில் பின்னாளில் ஒரு குறிப்பை எழுத முடியுமா என்ற கேள்வி, சேமிப்பு அளவைவிட எனக்கு முக்கியமாகிவிட்டது.

மூன்றாவது, பழைய தரவைத் தரவுத்தளம் தானாக அழிக்கிறதா என்பது. நேரப்படி வரும் அளவீடுகளுக்கென்றே செய்யப்பட்ட நேர வரிசைத் தரவுத்தளங்களிற் பல, கணினிகளைக் கண்காணிப்பதற்காகப் பிறந்தவை. சென்ற மாதம் ஒரு சேர்வரின் சூடு எவ்வளவு என்பது அவற்றை உருவாக்கியவர்களுக்குத் தேவைப்படவில்லை. நமக்கோ கடந்த ஐந்து பெரும்போகங்களின் (மாரிக்கால நெற்செய்கைகளின்) மார்கழி மட்டங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பதே நோக்கம்.

நான்காவது, மின்தடையும் காப்புப் பிரதியும். ஐந்தாவது, பராமரிப்பவர். இதைப் பொருத்திய மாணவி பட்டம் பெற்றுக் கொழும்புக்குப் போன பின்னர், அமைப்பின் செயலாளரால் குறைந்தது தரவை வெளியே எடுக்கவாவது முடிய வேண்டும்.

## எஸ்கியூலைட்

2000ஆம் ஆண்டில் வெளிவந்த எஸ்கியூலைட்டுக்குத் தனியான சேர்வர் இல்லை; தரவுத்தளம் முழுவதும் ஒரே கோப்பு. உணரிகளிடமிருந்து தரவைப் பெறும் நிரலே நேரடியாக அந்தக் கோப்பில் எழுதும். ராஸ்பெரி பை போன்ற சிறு கணினியில் நிறுவுவதற்கென்று ஏதுமில்லை என்றே சொல்லலாம், ஏனெனில் பைதன் மொழியுடன் அது சேர்ந்தே வருகிறது. ஒரே பரிமாற்றத்துக்குள், அதாவது ஒரே எழுதும் செயலாக, தொகுத்து எழுதினால் சாதாரணக் கணினியிலும் செக்கனுக்குப் பல்லாயிரம் நிரைகளை எழுதும். நமது தேவை பத்துச் செக்கனுக்கு ஒன்று.

பிந்தி வரும் அளவீடு இதற்கு ஒரு பொருட்டே அல்ல. உணரி எண்ணையும் நேரத்தையும் சேர்த்து முதன்மைச் சாவியாக (நிரையின் தனித்த அடையாளமாக) வைத்துவிட்டால், கருவி எத்தனை முறை திருப்பி அனுப்பினாலும் ஓர் அளவீடு ஒரு நிரையாகவே இருக்கும். தர நிலை என்று அட்டவணையில் ஒரு நெடுவரிசையைச் சேர்த்துக்கொண்டால் குளவிக் கூட்டு வாரத்தை ஒரே கட்டளையில் குறித்துவிடலாம். எதையும் அது தானாக அழிப்பதில்லை.

மறைந்திருக்கும் செலவுகள் மூன்று. முதலாவது, இதன் தளர்வான தரவு வகை. எண்ணுக்கென்று ஒதுக்கிய நெடுவரிசையில் சொல் வந்தாலும் இயல்பான அமைப்பில் எஸ்கியூலைட் ஏற்றுக்கொள்ளும். உணரி பழுதாகி எண்ணுக்குப் பதிலாக ‘பிழை’ என்ற சொல்லை அனுப்பினால், அது அப்படியே சேமிக்கப்படும். அதைவிட மோசம், சராசரி காணும்போது அச்சொல் பூச்சியமாகக் கணிக்கப்பட்டு, நாளின் சராசரி மட்டம் எவ்வித எச்சரிக்கையுமின்றிச் சரிந்துவிடும். 2021இல் வந்த 3.37 பதிப்பிலிருந்து அட்டவணையைக் கண்டிப்பானதாக அறிவிக்கும் வசதி உண்டு. புதிதாகத் தொடங்குபவர் அதைத் தவிர்ப்பதற்கு எக்காரணமும் இல்லை.

இரண்டாவது, காப்புப் பிரதி. எழுதுபவரும் வாசிப்பவரும் ஒருவரையொருவர் தடுக்காதிருக்க, முன்னெழுத்துப் பதிவு முறையை இயக்குமாறு எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்கிறேன். அம்முறையில் புதிய அளவீடுகள் முதலில் பக்கத்திலுள்ள வேறொரு கோப்புக்கே போகும். அக்கோப்பின் பெயரில் ஒட்டும் மூன்று ஆங்கில எழுத்துக்களைச் சேர்த்து வாசித்தால் ‘வால்’ என்று வரும்; தற்செயலாக அமைந்த பொருத்தமான பெயர். இயங்கிக்கொண்டிருக்கும்போது தலையை மட்டும் பென் டிரைவில் பிரதி செய்து வாலை விட்டுவிட்டால், கடைசியாக வந்த அளவீடுகள் பிரதியில் இரா. எஸ்கியூலைட் தரும் காப்புக் கட்டளையையே பயன்படுத்த வேண்டும். கோப்பை இழுத்துப் போடும் பழக்கம் ஆகாது.

மூன்றாவது, மெமரி கார்ட். மின்சாரம் திடீரென்று போனால் எஸ்கியூலைட் பெரும்பாலும் தப்பிக்கொள்ளும். அதிகம் போனால் கடைசிச் சில பதிவுகள் இல்லாமற்போகும். ஆனால் எழுதாததை எழுதிவிட்டதாகப் பொய் சொல்லும் மலிவான கார்ட்டில் எந்தத் தரவுத்தளத்துக்கும் உத்தரவாதம் இல்லை. ஒவ்வோர் அளவீட்டையும் தனித்தனியாக எழுதாமல் நிமிடத்துக்கு ஒருமுறை தொகுத்து எழுதுவதும், சிறிய எஸ்எஸ்டி ஒன்றை யூஎஸ்பி வழியாக இணைப்பதும் போதுமான பரிகாரம்.

ஓர் இடம், எழுதும் நிரல் ஒன்று, பார்ப்பவர் சிலர் என்ற நிலையில் இதைவிடச் சிறந்ததை நான் காணவில்லை. இரண்டு மூன்று நிரல்கள் வெவ்வேறு கணினிகளிலிருந்து எழுத வேண்டிய நாள் வந்தால் இது பொருந்தாது. ஒரு நேரத்தில் ஒருவரே எழுதலாம் என்பதோடு, முன்னெழுத்து முறை வலையமைப்பில் பகிரப்பட்ட கோப்புறையில் இயங்கவும் மாட்டாது.

## போஸ்ட்கிரெஸும் டைம்ஸ்கேலும்

டைம்ஸ்கேல், போஸ்ட்கிரெஸ் என்ற தொடர்புசார் தரவுத்தளத்துக்கு 2017இல் வந்த ஒரு நீட்சி. வெளியிலிருந்து பார்க்கும்போது சாதாரண அட்டவணை. உள்ளே அது காலத்தின்படி துண்டுதுண்டாகப் பிரித்து வைக்கப்பட்டிருக்கும். தரவுத்தளங்களை வினவும் பொது மொழியான எஸ்கியூஎல் தெரிந்தவர் எவரும் இதைக் கையாளலாம் என்பதும், உணரிகளின் பட்டியல், குளங்களின் விவரம், வாய்க்கால் திறந்த திகதிகள் ஆகியவற்றையும் அதே தரவுத்தளத்தில் வைத்து இணைத்துக் கேட்கலாம் என்பதும் இதன் உண்மையான பலம். வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தின் மணற்திட்டு வெட்டப்பட்ட நாட்களை ஓர் அட்டவணையில் வைத்திருந்தால், வெட்டியதிலிருந்து எத்தனை மணித்தியாலத்தில் வாவிக்கரையிலுள்ள கல்லடியில் மட்டம் இறங்கத் தொடங்கியது என்பதை ஒரே வினவலில் எடுத்துவிடலாம்.

நேரத்தை எப்படிச் சேமிப்பது என்பதிலும் போஸ்ட்கிரெஸ் நமக்கு ஏற்றது. நேர வலயத்துடன் கூடிய நேர வகையைத் தெரிவு செய்தால், உள்ளே உலகப் பொது நேரத்திலேயே வைத்துக்கொண்டு, கேட்பவரின் நேரத்துக்கு மாற்றித் தரும். இலங்கையின் கடிகாரம் 1996 மே மாதத்தில் ஒரு மணித்தியாலம் முன்தள்ளப்பட்டு, அதே ஆண்டு ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்வாங்கி, 2006 ஏப்ரலில்தான் உலகப் பொது நேரத்துக்கு ஐந்தரை மணித்தியாலம் முன் என்ற பழைய நிலைக்கு வந்தது. ‘பழைய நேரமா, புதிய நேரமா’ என்று கேட்டுச் சந்திப்புக் குறித்த காலம் இங்குள்ள நடுவயதினருக்கு மறந்திராது. உள்ளூர் நேரத்தை அப்படியே எழுதி வைத்த பழைய மழைப் பதிவுகளை இன்று இணைக்க முயல்பவருக்கு அந்தக் குழப்பம் புதிதாகவே காத்திருக்கிறது.

கவனிக்க வேண்டியவற்றுள், இயல்பான துண்டின் நீளம் 7 நாள் என்பது ஒன்று. நமது சிறிய அளவுக்கு அது மிகக் குறுகியது. பத்தாண்டில் 500க்கு மேற்பட்ட துண்டுகள் சேர்ந்து, நீண்ட கால வினவல்களைத் திட்டமிடுவதே மெதுவாகும். மூன்று மாதத்துக்கு ஒரு துண்டு என்று தொடக்கத்திலேயே அமைத்துவிடலாம்.

இதைவிட நுணுக்கமானது, தொடர் திரட்டு என்ற வசதியிலுள்ள பொறி. மணிச் சராசரி, நாட் சராசரிகளை முன்கூட்டியே கணித்து வைக்கும் அருமையான வசதி அது. ஆயினும் எத்தனை நாள் பின்னோக்கிப் புதுப்பிக்க வேண்டும் என்று நாம் குறித்த எல்லைக்கும் அப்பாலிருந்து பிந்திய அளவீடு வந்தால், மூல அட்டவணையில் அது சேர்ந்துவிடும். நாட் சராசரியில் சேராது. வெள்ள நாட்களின் வரைபடம் பிழையாகவும் மூலத் தரவு சரியாகவும் இருக்கும் நிலை, முழுப் பிழையைவிடக் கண்டுபிடிக்கக் கடினமானது. எல்லையை இரண்டு வாரமாவது வைத்து, பெரிய மின்தடைக்குப் பின்னர் அக்காலப் பகுதியைக் கையால் புதுப்பிப்பது என் வழக்கம். சுருக்கப்பட்ட துண்டுகளில் புதிதாக எழுதுவது 2021இலும், திருத்துவதும் அழிப்பதும் 2023இலும்தான் சாத்தியமாயின என்பதால், பழைய பதிப்பை வைத்திருப்பவர்கள் குளவிக் கூடு போன்ற விடயங்களுக்கு முதலில் சுருக்கத்தை நீக்க வேண்டும்.

உரிமத்திலும் ஒரு பிரிவு உண்டு. சுருக்கமும் தொடர் திரட்டும் டைம்ஸ்கேலை உருவாக்கிய நிறுவனத்தின் சமூக உரிமத்தின் கீழ் வருபவை. சொந்தச் சேர்வரில் அவற்றை இலவசமாகப் பயன்படுத்தலாம். பிற நிறுவனங்கள் வாடகைக்கு விடும் போஸ்ட்கிரெஸ் சேவைகள் பலவற்றில் அவை கிடைக்கமாட்டா. காப்புப் பிரதியை மீட்கும்போது நீட்சியின் பதிப்பும் முன்பிருந்ததாகவே இருக்க வேண்டும் என்பதால், பிரதியுடன் பதிப்பு எண்ணையும் எழுதி வையுங்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: ஆண்டுக்கு முப்பது இலட்சம் நிரைகளுக்கு நீட்சியில்லாத வெறும் போஸ்ட்கிரெஸே போதும். நீட்சியைப் பின்னர் சேர்க்கலாம்.

## இன்ஃப்ளக்ஸ்

உணரித் தரவு என்றதும் இணையத்தில் முதலில் கண்ணில் படுவது இன்ஃப்ளக்ஸ்டிபி. அதற்குக் காரணமும் உண்டு. அளவீட்டை ஒரே வரி உரையாக அனுப்பினாற் போதும். அட்டவணை அமைப்பை முன்கூட்டியே அறிவிக்க வேண்டியதில்லை. வரைபடம் காட்டும் கிராஃபானா என்ற மென்பொருளுடன் இணைத்து அன்று மாலையே வரைபடம் பார்த்துவிடலாம். காட்சிப்படுத்தலும் எச்சரிக்கையும் இரண்டாம் பதிப்பில் உள்ளேயே இருக்கின்றன. ஒரே தொடரில் (ஓர் உணரியின் ஒரே வகை அளவீடுகளில்) அதே நேரக்குறியுடன் மீண்டும் எழுதினால் பழைய பெறுமானம் மாற்றப்படும் என்பதால், திரும்ப அனுப்பப்படும் தொகுதிகள் இரட்டிப்பாவதில்லை.

ஆனால் நேரக்குறியில் வழுக்கினால் கதை முடிந்தது. கருவி நேரத்தை அனுப்பாவிட்டால், வந்து சேர்ந்த நேரத்தையே சேர்வர் போட்டுக்கொள்ளும். மூன்று நாள் மழை ஒரே கணத்தில் பெய்ததாகிவிடும், அல்லது ஒன்றின் மேலொன்று எழுதப்பட்டுக் கடைசி அளவீடு மட்டுமே மிஞ்சும். இரண்டாம் பதிப்பில் நேரத்தின் இயல்பான அலகு நனோ செக்கன். அலகைச் சொல்லாமல் செக்கனில் அனுப்பியவரின் தரவெல்லாம் 1970ஆம் ஆண்டின் முதல் இரண்டு செக்கனுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். தரவே வரவில்லை என்று என்னை அழைத்தவர்களுள் இருவருக்கு நிகழ்ந்தது இதுதான்.

பெரிய மறைசெலவு, பதிப்பு மாற்றம். முதலாம் பதிப்பில் எஸ்கியூஎல்லை ஒத்த மொழி; 2020இல் வந்த இரண்டாம் பதிப்பு ஃப்ளக்ஸ் என்ற முற்றிலும் புதிய மொழியை முன்னிறுத்தியது; 2025இல் வந்த மூன்றாம் பதிப்பு உள்ளிருந்து மறுபடி எழுதப்பட்டு, எஸ்கியூஎல்லுக்குத் திரும்பி, ஃப்ளக்ஸைக் கைவிட்டது. இடையில் ஃப்ளக்ஸ் கற்று வினவல்களை எழுதியவர்கள் அவற்றை முழுமையாக மாற்றி எழுத வேண்டியதாயிற்று. மூன்றாம் பதிப்பின் திறந்த மூலப் பிரிவு அண்மைக்காலத் தரவை நோக்கமாகக் கொண்டது. நீண்ட வரலாற்றைத் திறம்பட வினவுவதற்கான ஒழுங்கமைப்பு வசதி வணிகப் பதிப்பிலேயே இருக்கிறது. ஐந்து பெரும்போகங்களை ஒப்பிட விரும்புபவருக்கு இது சிறிய குறையல்ல. கடந்த சில வாரத்தை மட்டும் பார்த்து உடனே செயற்பட வேண்டிய கோழிப்பண்ணை உரிமையாளருக்கோ, இது ஒரு குறையே அல்ல.

## விக்டோரியாமெட்ரிக்ஸ், புரொமிதியஸ்

இவ்விரண்டும் கணினிக் கண்காணிப்பு மரபில் வந்தவை. விக்டோரியாமெட்ரிக்ஸ் ஒரே நிரலாக இயங்கும். குறைந்த நினைவகத்தில் வியக்கத்தக்க அளவு தரவைச் சுமக்கும். ஃபேஸ்புக் பொறியியலாளர்கள் 2015இல் வெளியிட்ட கொரில்லா ஆய்வில், 16 பைட் அளவீடு சராசரியாக 1.37 பைட்டாகச் சுருங்கியது. அந்த வழியில் வந்த சுருக்க முறைகளின் பயனை இங்கே காணலாம். ஆனால் தரவைத் தக்கவைக்கும் காலம் இயல்பாக ஒரு மாதம். மாற்றாமல் விட்டால் ஐப்பசி மழை மார்கழியில் இராது. ஒரு தொடரை முழுமையாக அழிக்கலாம். ஒரு வாரத்தை மட்டும் அழிக்கவோ, அதன் பக்கத்தில் குறிப்பெழுதவோ வழியில்லை. குளவிக் கூடு அங்கே என்றென்றும் வான் பாய்ந்துகொண்டிருக்கும்.

புரொமிதியஸ் 15 நாளே வைத்திருக்கும். தானே சென்று அளவீட்டைக் கேட்டு எடுக்கும் அதன் முறையும், உறங்கி விழித்து அனுப்பும் பற்றரிக் கருவிகளின் இயல்பும் ஒத்துவராதவை. கருவிகளின் பற்றரியும் அலைவலுவும் எப்படி இருக்கின்றன என்று கவனிப்பதற்கு விக்டோரியாமெட்ரிக்ஸை வைத்துக்கொள்ளுங்கள். நீர்மட்டத்தின் மூலப் பதிவை அதனிடம் ஒப்படைக்க வேண்டாம்.

## முகில் சேவைகள்

மேலுள்ளவற்றிற் சில பிறர் சேர்வரில் இணையம் வழியே இயங்கும் மாதக் கட்டண முகில் சேவைகளாகவும் கிடைக்கின்றன. பராமரிப்புச் சுமை குறையும் என்பது உண்மை. கட்டணம் டொலரில் என்பதும் உண்மை. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர் இரண்டு மாதத்துக்குள் 360ஐ அண்மித்தபோது, நிதி முடிந்த ஆய்வுத் திட்டங்களுக்கு அந்த மாதக் கட்டணம் எப்படியிருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அட்டை மறுக்கப்பட்டுச் சந்தா நின்றால் தரவும் சேர்ந்தே போய்விடக்கூடும்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | எஸ்கியூலைட் | போஸ்ட்கிரெஸ் / டைம்ஸ்கேல் | இன்ஃப்ளக்ஸ் | விக்டோரியாமெட்ரிக்ஸ் |
|---|---|---|---|---|
| பிந்தி வரும் அளவீடு | தடையில்லை | தடையில்லை. திரட்டைப் புதுப்பிக்க வேண்டும் | ஏற்கும். நேரக்குறி கட்டாயம் | தக்கவைக்கும் காலத்துக்குள் மட்டும் |
| பழையதைத் திருத்தல் | எளிது | எளிது | மேலெழுதலாம் | இயலாது |
| தானாக அழித்தல் | இல்லை | நாம் சொன்னால் மட்டும் | நாம் குறித்த காலப்படி | ஒரு மாதத்தில், மாற்றாவிட்டால் |
| காப்புப் பிரதி | ஒரு கோப்பு, உரிய கட்டளையால் | பதிப்பு எண்ணுடன் | தனிக் கருவி | தனிக் கருவி |
| பராமரிப்பு | மிகக் குறைவு | ஒருவர் பொறுப்பேற்க வேண்டும் | நடுத்தரம். பதிப்பு மாற்றம் பாரம் | குறைவு |

## யாருக்கு எது

உன்னிச்சை இளைஞருக்கு எஸ்கியூலைட்டைச் சொன்னேன். குளம் ஒன்று, எழுதும் நிரல் ஒன்று, மாதம் ஒருமுறை காப்புக் கட்டளையால் பிரதியெடுத்து வைக்கச் செயலாளர் ஒருவர் இருக்கிறார். மாணவிக்குப் போஸ்ட்கிரெஸ், அவருடைய உவர்த்தன்மை அளவீடுகளை மழையுடனும் முகத்துவாரத்தின் நிலையுடனும் இணைத்துப் பார்க்க வேண்டும், அவருக்குப் பின்னால் வேறு மாணவர்களும் அதே தரவுத்தளத்தில் எழுதுவார்கள். பண்ணை உரிமையாளருக்கு இன்ஃப்ளக்ஸ். சூடு ஏறினால் உடனே தெரிய வேண்டும் என்பதற்கு மேல் அவருக்குத் தேவை எதுவுமில்லை.

முதல் தெரிவு பிழைத்தாலும் பெரிய நட்டமில்லை. ஓராண்டின் முப்பது இலட்சம் நிரைகளை எஸ்கியூலைட்டிலிருந்து உரைக் கோப்பாக வெளியேற்றிப் போஸ்ட்கிரெஸில் ஏற்றுவது ஒரு தேநீர் நேரத்து வேலை. பின்னாளில் மீட்க முடியாதது வேறொன்று: எந்த எண்ணுள்ள உணரி, எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதி வரை, எந்தக் குளத்தில், குளத்தடியிலிருந்து எத்தனை சென்ரிமீற்றர் உயரத்தில் பொருத்தப்பட்டிருந்தது என்ற பட்டியல். உணரியை அரை அடி உயர்த்திக் கட்டிய நாளை எவரும் எழுதி வைக்காததால், மூன்றாண்டு மட்டங்களை ஒப்பிட முடியாமற்போன ஒரு குளம் எனக்குத் தெரியும். அந்தப் பட்டியலுக்கு ஆறு நெடுவரிசைகளுள்ள ஓர் அட்டவணை போதும். முதல் அளவீடு வந்து சேருவதற்கு முன்னரே அதை உருவாக்கி வைத்துவிடுங்கள்.